அவள் முகராத பூ

தோட்டத்தில் போய் மண்ணைக் கிளறினால் என் மனைவிக்கு மூளை தேறும் என்று டாக்டர் சொன்னபோது, அவர் என்னைக் கிண்டல் செய்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இங்கே ரத்தம் போகவில்லை, இங்கே கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்று பேனா முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டியவர் அவர். அடுத்த நிமிஷமே, "ஸ்ரீரங்கத்துல கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு தோட்டம் இருக்குங்க. ஒரு டிரஸ்ட் நடத்தறாங்க. இந்த மாதிரி ஆளுங்களுக்காகவே வச்சிருக்காங்க. கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன்" என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது? மாத்திரை எழுத வேண்டிய இடத்தில் செடியை எழுதுகிறாரே என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

நான் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன். மெஷின் நின்றுபோனால் எங்கே கோளாறு, எதை மாற்ற வேண்டும், மறுபடி எப்போது ஓடும் என்று நின்ற இடத்திலேயே சொல்லியாக வேண்டும். சொல்லத் தெரியாதவனை நான் பக்கத்திலேயே விட்டதில்லை. அதற்கு முன்பு முசிறிப் பக்கம் வாழைக்காரர் வீட்டுப் பிள்ளை. செடி என்றால் எனக்கு மகசூல், வாழைத்தார், லாரி லோடு. இந்த இரண்டு கணக்கிலும் டாக்டர் சொன்னது அடங்கவில்லை.

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, மெல்ல மெல்ல எழுந்துவிட்டாள். கால் தேறிவிட்டது. வலது கையில் மட்டும் பலம் குறைவு. பேச்சும் திரும்பிவிட்டது, அதுவும் பழைய தெளிவோடு. போனது ஒன்றே ஒன்றுதான். நான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், "வயசானா மறதி சகஜம்தானே" என்கிறார்கள். கன்னத்தில் அறையலாம் போல இருக்கும். மறதியாக இருந்தால் நான் ஏன் இப்படித் தவிக்கிறேன்? பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளை அவள் போனில் "அம்மா" என்ற முதல் சொல்லிலேயே கண்டுகொள்கிறாள். கண்டுகொண்டு என்ன கேட்கிறாள் தெரியுமா? "அப்பா எங்கடி போனார்? ஆளையே காணோம்" என்று கேட்கிறாள். கை வலிக்குமே என்று போனை அவள் காதோரம் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கிறாள்.

"பக்கத்துலதாம்மா இருக்கார்" என்று மகள் அந்தப் பக்கம் விசும்புவாள்.

இவள் திரும்பி என்னை ஒருமுறை பார்ப்பாள். விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி மரியாதையாகச் சிரிப்பாள். "இங்க ஒரு சார்தான் இருக்கார். நல்ல மனுஷர். எல்லா ஒத்தாசையும் பண்றார்" என்பாள்.

ஆக, அவளுக்கு ஒரு கணவன் உண்டு. அவனை அவள் மறக்கவில்லை. அவன் வரவில்லையே என்று கவலைப்படவும் செய்கிறாள். அந்த ஆள் நான் இல்லை, அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து என்னை "என்னங்க" என்று கூப்பிட்டவள், இப்போது "சார்" என்கிறாள். நான் சோறு போட்டால், "உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்கிறாள். ராத்திரி அவள் அறையில் நான் படுக்க முடியாது. ஹாலில் பாயை விரித்துக்கொள்கிறேன். எடமலைப்பட்டி புதூரில் நான் கட்டிய வீட்டில், நானே வாடகைக்கு வந்தவன் மாதிரி இருக்கிறேன்.

அவள் என்றைக்காவது மறுபடி "என்னங்க" என்று கூப்பிடுவாளா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. டாக்டரிடம் கேட்டதற்கு, "சொல்ல முடியாதுங்க, வரலாம், வராமலும் போகலாம்" என்றார். அந்த "வரலாம்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போனேன்.

ஸ்ரீரங்கம் அவள் பிறந்த ஊர் என்பது ஒரு சௌகரியம். அவர்கள் வீட்டில் தலைமுறையாகப் பெரிய கோவிலுக்கு நந்தவனக் கைங்கரியம். அதாவது பெருமாளுக்கும் தாயாருக்கும் பூ வளர்த்து, பறித்து, தொடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த நந்தவனம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. அவள் கல்யாணம் ஆகி வந்ததோடு அதெல்லாம் முடிந்த கதை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அவள் எப்போதும் கையெடுத்துக் கும்பிடுவாள். அன்றும் கும்பிட்டாள். ஆற்றைத் தெரிகிறது, கோபுரத்தைத் தெரிகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனைத்தான் தெரியவில்லை. எனக்கு ஆட்டோக்காரர் மேல் கோபம் வந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை, பாவம்.

தோட்டம் நான் நினைத்த மாதிரி இல்லை. பழைய தென்னந்தோப்பு ஒன்றைச் சுத்தம் செய்து, செங்கல்லால் இடுப்பு உயரத்துக்கு மேடை மேடையாகக் கட்டி மண் கொட்டியிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் குனியாமலே நடலாமாம். களைக்கொத்துகளின் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றியிருந்தார்கள், விரல் மடங்காதவர்களும் பிடிப்பதற்கு. நடைபாதை கொஞ்ச தூரம் மணல், கொஞ்ச தூரம் கூழாங்கல், கொஞ்ச தூரம் புல். வெறுங்காலோடு நடந்தால் பாதத்துக்கு உணர்ச்சி திரும்புமாம். அதனால் செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். தொற்று எதுவும் வரக்கூடாது என்பதற்காகவும் அந்த ஏற்பாடு.

எங்களுக்கு வழிகாட்டியது ஒரு இளம் பெண். தோட்டச் சிகிச்சைக்கென்றே படித்துவிட்டு வந்தவள். புதுக்கோட்டைப் பெண், படபடவென்று பேசுவாள். என்னை அங்கிள் என்றும் என் மனைவியை அம்மா என்றும் கூப்பிட்டாள்.

"இதுல என்னம்மா மகசூல் எடுக்கறீங்க?" என்று முதல் கேள்வியாகக் கேட்டேன்.

"மகசூலா? அப்படி எதுவும் இல்ல அங்கிள்."

"அப்ப எதுக்கு நடறீங்க?"

"நடறதுக்குத்தான்."

எனக்குத் தலை சுற்றியது. அங்கே ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவரும் மூளையில் அடிபட்டவர். போன வாரம் நட்ட கத்தரி நாற்றையே பிடுங்கி, வேறு மேடையில் திருப்பி நட்டுக்கொண்டிருந்தார். யாரும் தடுக்கவில்லை. எங்கள் அப்பா பார்த்திருந்தால் மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை எடுத்திருப்பார். "செடி செத்துடுமேம்மா" என்றேன். "சில சமயம் சாகும் அங்கிள். ஆனா அவர் விரல் பாருங்க, எப்படி மடங்குது" என்றாள் அந்தப் பெண். விரலைப் பார்த்தேன். மடங்கத்தான் செய்தது. இருந்தாலும் நாற்றைப் பார்க்கத்தான் எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

பிறகு அவள் எங்களை ஒரு ஓரமாக இருந்த பாத்திக்குக் கூட்டிப்போனாள். குண்டுமல்லி, முல்லை, மரிக்கொழுந்து, துளசி. வாசனைப் பாத்தி என்று அதற்குப் பேர். "இதுதான் அங்கிள் முக்கியம். மத்ததெல்லாம் கைக்கும் காலுக்கும். இது ஞாபகத்துக்கு. ஒரு வாசனை போதும், பழசு அப்படியே எழும்பி வரும். இங்க வந்து நின்னு திடீர்னு பேரன் பேரைச் சொன்னவங்க இருக்காங்க" என்றாள்.

மெஷினில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று ஒருவர் கடைசியாகக் காட்டிவிட்டார் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் ஒரு பிரம்புக் குடலையை என் மனைவியின் கையில் மாட்டினாள். கோவிலுக்குப் பூப்பறிக்க எடுத்துப்போவார்களே, அந்தக் குடலைதான். கனமில்லாதது, பலமில்லாத கைக்குச் சுலபம் என்று கடைவீதியில் வாங்கியிருந்தார்கள். பிறகு ஒரு மல்லியைக் கிள்ளி, "மோந்து பாருங்கம்மா" என்று அவள் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

என் மனைவி முகத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். பூவை வாங்கினாள். முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து, அப்படியே குடலையில் போட்டாள்.

இன்னொன்று. அதையும் குடலையில் போட்டாள். மரிக்கொழுந்தும் அப்படித்தான் போயிற்று. துளசியைத் தானே கிள்ளினாள், நுனி நுனியாக, வெகு பதமாக. ஒன்றைக்கூட மூக்கருகே கொண்டுபோகவில்லை. "வாசனையா இருக்கும்மா, ஒரு தடவை" என்று அந்தப் பெண் கெஞ்சினாள். என் மனைவி சிரித்தபடியே தலையை ஆட்டி மறுத்தாள்.

அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான். ஒரு நாள் அந்தப் பெண் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அங்கிள், அம்மாவுக்கு வாசனையே தெரியலையோன்னு நெனைக்கிறேன். இந்த மாதிரி அடிபட்டவங்களுக்குச் சில பேருக்கு மூக்கும் போயிடும்" என்றாள். டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம் என்றார். இருக்கலாம், வரலாம், போகலாம். அந்த மனிதரின் அகராதியில் வேறு சொல்லே கிடையாது.

எனக்கு நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் நானே ஒரு சோதனை செய்து பார்த்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வேண்டுமென்றே விட்டுவிட்டேன். பொங்கி, வழிந்து, அடிபிடித்து, தீய்ந்த வாசனை தெருவுக்கே போயிற்று. எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். ஹாலில் உட்கார்ந்திருந்த என் மனைவி அசையவே இல்லை. ஒரு காலத்தில், நான் வாசலில் சிகரெட்டைப் பற்றவைத்தால் கொல்லையிலிருந்து குரல் கொடுப்பவள் அவள். அன்றைக்குக் கருகிப்போன பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அழுதேன். மூக்கே போய்விட்டது என்றால் இருந்த ஒரு வழியும் அடைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

அப்படியும் தோட்டத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. காரணம், அவள் காலையில் எழுந்ததுமே குளித்துவிட்டுத் தயாராகிவிடுவாள். "தோட்டத்துக்கு நேரமாச்சு சார்" என்று என்னை விரட்டுவாள். அங்கே போனதும் அவளிடம் ஒரு சுறுசுறுப்பு வந்துவிடும். குழாயடியில் கைகால் கழுவுவதில் அவளுக்கு இருக்கிற கவனத்தைப் பார்த்து அந்தப் பெண்ணே ஆச்சரியப்பட்டாள். மற்றவர்கள் கழுவாமல் நுழைந்தால் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புவாள். கண்டக்டரை ஒரு நாள் இரண்டு தடவை கழுவ வைத்தாள். எந்த மொட்டு நாளைக்கு, எந்த மொட்டு இன்றைக்கு என்று பார்த்துப் பார்த்துப் பறிப்பாள். வலது கை விரல்கள் ஓரளவு பிடிக்கவும் ஆரம்பித்தன. அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. கை தேறி என்ன செய்ய? அந்தக் கையால் யாரோ ஒரு சாருக்குத்தானே வணக்கம் வைக்கப்போகிறாள்.

புதிதாக இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொண்டது. மத்தியானம் கிளம்புகிற நேரத்தில் பறித்த பூவையெல்லாம் அங்கே வருகிற பெண்களுக்குத் தலையில் வைத்துக்கொள்ளப் பிரித்துக் கொடுப்பது வழக்கம். அதைப் பார்த்தால் என் மனைவிக்கு முகம் கறுத்துவிடும். தான் வாங்கிக்கொள்ளவே மாட்டாள். ஒரு நாள் குடலையைக் காணோம். எல்லோரும் தேடினோம். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், நிழலில், ஈரத்துணி சுற்றி, மேலே வாழையிலையைப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

"பொருளை எடுத்து ஒளிச்சு வைக்கறதும் இதுல வரும் அங்கிள். கவலைப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண். கவலைப்படாதீங்க என்று யாராவது சொன்னாலே எனக்குக் கவலை கூடிவிடும். முதலில் நான் போனேன், பிறகு மூக்கு போயிற்று, இப்போது புத்தியும் போகிறதா என்று கிலி பிடித்துக்கொண்டது.

அது விலகியது ஒரு சின்ன விபத்தில். கண்டக்டர் தண்ணீர்க் குவளையோடு வேகமாகத் திரும்பினார். என் மனைவியின் கைக் குடலையில் அவர் முழங்கை இடித்தது. குடலை கவிழ்ந்து, காலையிலிருந்து பறித்த மல்லியெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. அந்தப் பெண் ஐயோ என்று உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

"விடும்மா. கீழ விழுந்துடுச்சுல்ல, இனிமே அது ஆகாது" என்றாள் என் மனைவி.

சொல்லிவிட்டுத் தானும் மெல்லக் குனிந்து ஒரு பூவை எடுத்தாள். முந்தானையில் மண்ணைத் துடைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, மூக்கோடு ஒட்டவைத்து, நெஞ்சு நிறைய இழுத்து முகர்ந்தாள்.

நானும் அந்தப் பெண்ணும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கண்டக்டர்கூட மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

"அம்மா, வாசனை தெரியுதா?"

"ஏன் தெரியாம? மழைத்தண்ணி பட்ட பூ. வாசனை கொஞ்சம் மட்டுதான்."

"அப்ப இத்தனை நாளா நான் குடுத்தப்ப ஏம்மா மோந்து பாக்கல?"

என் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பெரிய படிப்புப் படித்த பெண் இதைக்கூடக் கேட்கிறதே என்கிற பார்வை. "பெருமாளுக்குப் போற பூவை யாராவது மோந்து பாப்பாங்களா?" என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அடக்கமாட்டாத சிரிப்பு. பெருமாளுக்குச் சாத்துவதற்கு முன்னால் பூவை முகரக்கூடாது என்பது எனக்குத் தெரியாத சேதியா? சாமி பூவை முகர்ந்துவிட்டேன் என்று சின்ன வயதில் என் தொடையிலேயே கிள்ளு விழுந்திருக்கிறது. ஆனால் டிரஸ்ட் நடத்துகிற சிகிச்சைத் தோட்டத்தில், கண்டக்டர் கத்தரி நாற்றைப் பிடுங்கி நடுகிற இடத்தில், அது யாருக்கு ஞாபகம் வரும்? கால் கழுவித்தான் உள்ளே விடுகிறார்கள். கையில் குடலையைக் கொடுக்கிறார்கள். மல்லியும் மரிக்கொழுந்தும் துளசியும் இருக்கிறது. அவள் முதல் நாளே இதை நந்தவனம் என்று முடிவு செய்துவிட்டாள். நந்தவனத்தில் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்திருக்கிறாள். பூ வாடாமல் ஈரத்துணி சுற்றி, கோவிலிலிருந்து ஆள் வந்து எடுத்துப்போகட்டும் என்று நிழலில் வைத்திருக்கிறாள். பெருமாள் பூவை இவர்கள் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டால் முகம் கறுக்காமல் என்ன செய்யும்?

சிரித்துக்கொண்டே இருந்தவனுக்குச் சட்டென்று பால் ஞாபகம் வந்தது.

"அன்னிக்கு வீட்ல பால் தீஞ்சுதே. அது தெரியலையா உனக்கு?" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுது சார்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

அவள் சங்கடப்பட்டாள். குடலையின் பிரம்பைத் தடவிக்கொண்டே, "அடுத்தவங்க வீட்டு அடுப்பு. நாம எப்படிச் சொல்றது?" என்றாள்.

அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூக்கு இருக்கிறது, புத்தி இருக்கிறது, ஆசாரம் அத்தனையும் துளி பிசகாமல் இருக்கிறது. எல்லாம் இருந்தும் நான் மட்டும் எங்கே போனேன்? மூக்கு போயிருந்தால்கூட மனம் சமாதானம் ஆகியிருக்கும் போலிருந்தது. இப்போது யாரைக் குற்றம் சொல்வது என்றே விளங்கவில்லை.

அந்தப் பெண் விடுவதாக இல்லை. "அங்கிள், சாத்தின பூன்னா மோந்து பாக்கலாம்தானே? பிரசாதமாக் குடுப்பாங்களே, அது?" என்றாள்.

பாக்கலாம். தாராளமாகப் பார்க்கலாம். கண்ணில் ஒற்றி, முகர்ந்து, தலையில் வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஏன் இது தோன்றவில்லை?

மறுநாள் அவளைத் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கோவிலுக்குப் போனேன். நான் வரிசையில் நிற்கிற ஜாதி இல்லை. முன்னால் நின்றவர் செல்போனில் வீட்டு வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டே நகராமல் நின்றார். இரண்டு தடவை அவரை அதட்டினேன். தாயார் சன்னதியில் என் முறை வந்ததும் கேட்க வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "சாத்தின பூ கொஞ்சம் வேணும் சாமி. வீட்ல உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னேன்.

அர்ச்சகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய், தாயாருக்குச் சாத்தியிருந்த மல்லிச் சரத்தில் ஒரு முழம் எடுத்துவந்து வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். "தாயார் அனுக்ரஹம் பண்ணுவா. க்ஷேமமா இருப்பா, போங்கோ" என்றார். ஆட்டோ கிடைக்கவில்லை. வெயிலில் நடந்தே போனேன். பூ வாடிவிடக்கூடாதே என்று இலையைச் சட்டையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

என் மனைவி வாசனைப் பாத்திக்குப் பக்கத்தில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் கையால் ஜாடை காட்டி, கண்டக்டரையும் அழைத்துக்கொண்டு தள்ளிப்போய் நின்றாள். நான் இலையை நீட்டினேன். "தாயார் சன்னதிப் பிரசாதம்" என்றேன்.

அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு சரத்தை மூக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டு நின்றாள். வெகு நேரம் நின்றாள். அவள் முகத்தில் ஏதோ அசைந்தது. உதடு துடித்தது. கண்ணில் நீர் கட்டியது.

"எங்க அம்மா தொடுக்கற கட்டு இப்படித்தான் இருக்கும்" என்றாள். "ரெண்டு பூ அந்தப் பக்கம், ரெண்டு பூ இந்தப் பக்கம். நெருக்கமா. வெள்ளிக்கிழமைன்னா மொத சரம் தாயாருக்கு."

"அப்புறம்?" என்றேன். கேள்வி கேட்டு நெருக்கக்கூடாது என்று அந்தப் பெண் ஆயிரம் தடவை சொல்லியிருந்தாள். அதை நான் எங்கே காதில் வாங்கினேன்? "வேற யாரு ஞாபகம் வராங்க?"

அவள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுமை இல்லை. இத்தனை காலமும் நான் வாங்கிவந்த பூவை அவள் திரும்பி நின்று காட்ட, நானே வைத்துவிட்டதுண்டு. வலது கையைத் தலைவரைக்கும் தூக்க முடியாத இப்போது அவளுக்கு அதுவும் வேண்டியதுதானே என்று நினைத்து, "இந்தா, தலையில வச்சு விடறேன்" என்று சரத்தை வாங்கப் போனேன்.

அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். கோபமாக இல்லை. முந்தானையைத் தோள் மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சரத்திலிருந்து உதிர்ந்திருந்த ஒரே ஒரு பூவை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மீதியை இலையோடு என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். பிரசாதம், வேண்டாம்னு சொல்லக்கூடாது, எடுத்துக்கிட்டேன். ஆனா தலையில எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டு வர்ற பூவைத்தான் வச்சுப்பேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவளும் கொஞ்சம் தள்ளி, மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னைப் புண்படுத்திவிட்டோமோ என்று அவளுக்கு வருத்தம். அது அவள் முகத்தில் தெரிந்தது.

"எப்படி இருப்பார் உங்க வீட்டுக்காரர்?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "கோவக்காரர்" என்றாள். "தொட்டதுக்கெல்லாம் கோவம். வழி தெரியலைன்னா யார்கிட்டயும் கேக்க மாட்டார், சுத்தி சுத்தி வருவார். ஆனா மனசு தங்கம். எனக்கு உடம்பு சரியில்லைன்னா அவருக்கு சோறு இறங்காது."

எல்லாம் சரியாகத்தான் சொன்னாள். ஒன்றுகூடத் தப்பில்லை. அவள் அப்படிச் சொல்வதைக் கேட்கக் கேட்க, சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த ஆள்மேல் பொறாமையாக இருந்தது. அழுகையும் வந்தது. நான் அழுதால் அவள் பயந்துவிடுவாள் என்று மரிக்கொழுந்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"அவர் இங்க வருவாரா?" என்றேன்.

"வராம? தேடிக்கிட்டு வந்துடுவார்" என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பிறகு என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, ரகசியம் சொல்வதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீங்களும் இருங்க சார். அவசரமா போயிடாதீங்க. நீங்க எனக்குப் பண்ற ஒத்தாசையெல்லாம் அவருக்குத் தெரியணும். வந்ததும் நானே சொல்றேன். உங்களை அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போயிடும்."

"சரிங்க, இருக்கேன்" என்றேன்.